கடற்கரையும் காண வருவோரும்

ஊர்விட்டு ஊர் சென்று புதுமை காணல் மக்களின் இயல்பான விருப்பங்களுள் ஒன்று. மலையும் காடும், ஆறும் கடலும் கண்ணைக் கவர்வன, கருத்தை விரிப்பன. முற்காலத்தில் வழிபாட்டிற்காகவும் வாணிகத்திற்காகவும் மக்கள் நெடுந்தொலைவு நடந்தனர். இக்காலத்திலோ ஊர்திகள் பெருகிவிட்டன. ஓய்வு நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே கரையில் வந்து கூடுகின்றனர். அங்ஙனம் கூடுவோர், காண வந்த அழகையே காலால் மிதித்துக் கெடுத்துச் செல்வதும் உண்டு. கெடுக்காமல் காணும் முறை யாது? இவ்வினாவிற்கு விடையாகத் தோன்றியதே சூழல்நலச் சுற்றுலா என்னும் நெறியாகும். இயற்கை வளம் குன்றாமலும், அவ்விடத்து வாழும் மக்களின் நலம் பெருகும்படியும், காண்போர் அறிவு வளரும்படியும் மேற்கொள்ளும் பயணமே அது. ஐக்கிய நாடுகள் அவை 2002-ஆம் ஆண்டை இந்நெறிக்குரிய ஆண்டாக அறிவித்து உலகினர் கருத்தை இதன்பால் ஈர்த்தது. இந்நெறியின் தேவையைப் புதுவையை அடுத்த கடலோர ஊர் ஒன்றின் வாயிலாக நாம் அறியலாம்.

செஞ்சியாறு என்றும் சங்கராபரணி என்றும் வழங்கும் ஆறு, கடலை நெருங்குங்கால் அரியாங்குப்பத்து ஆறு, சுண்ணாம்பாறு என இரு கிளையாகப் பிரிகின்றது. அக்கிளைகளுக்கு இடையே, கீழைக் கடலின் ஓரத்தில் அமைந்த நெய்தல் நிலத்து ஊரே வீராம்பட்டினம். புதுவைப் பகுதியின் பெரிய மீனவர் ஊர்களுள் இதுவும் ஒன்று. உப்புநீரும் நன்னீரும் கலக்கும் கழியோரங்களில் அலையாத்தி மரங்கள் அடர்ந்துள்ளன. சேற்றுக்கு மேலே மூச்சு வேர்களை நீட்டி நிற்கும் அம்மரங்களின் நிழலில் இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளர்கின்றன. அவற்றை நாடிக் கொக்கும் நாரையும் வருகின்றன. ஆற்றங்கரையில் அரிக்கமேடு உள்ளது. 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்பார் அங்கு அகழ்ந்து, உரோம நாட்டுக் கலங்களின் ஓடுகளையும் மணிகளையும் கண்டெடுத்தார். கடல் கடந்து வருவோரை வரவேற்றல் இக்கரைக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் என்பதை அவை காட்டுகின்றன.

வீராம்பட்டினத்திற்கு ஒரு முறை வருவோரும் மறவாத விழா செங்கழுநீர் அம்மன் தேர்த்திருவிழா. ஆடித் திங்களில் நிகழும் அவ்விழாவிற்குச் சுற்றூர் மக்கள் திரண்டு வருவர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வந்து வடம் பிடித்துத் தேரோட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1954-ஆம் ஆண்டில் அவ்வாட்சி நீங்கிய பின்னரும், ஆள்வோர் வடம் பிடிக்கும் வழக்கம் தொடர்ந்து வந்துள்ளது. இவ்வழக்கத்துள் ஓர் உண்மை அடங்கியிருக்கின்றது. வந்தவர் நாடாளும் தலைவரே ஆயினும், அவர் பிடிப்பது ஊராரின் வடம். தேர் செல்வது ஊரார் வகுத்த வீதி. விருந்தினராய் வருவோர் ஊரின் ஒழுங்கிற்கு உட்பட்டு நடத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

மனிதரே அன்றி வேறு விருந்தினரும் இக்கடற்கரைக்கு வருவதுண்டு. தை முதல் பங்குனி வரையுள்ள திங்கள்களில், நள்ளிரவில், பங்குனி ஆமைகள் சோழமண்டலக் கரையில் ஏறுகின்றன. பெண் ஆமை பின்துடுப்புகளால் மணலைத் தோண்டி நூறு முட்டை அளவில் இட்டு, குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். இரவில் கடற்பரப்பில் தோன்றும் மெல்லொளியே அவற்றிற்கு வழிகாட்டி. கரையில் விடுதிகளின் விளக்குகள் பேரொளி வீசினால், குஞ்சுகள் அதனையே கடலொளி என மயங்கி நிலத்தை நோக்கி ஊர்ந்து மடியும். காண வருவோரின் வசதிக்கென ஏற்றிய ஒரு விளக்கு, கண்ணுக்குத் தெரியாத நூறு உயிர்களுக்குக் கேடாகலாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வாமைகளைக் காக்கின்றது. வனத்துறையினரும் தொண்டர்களும் முட்டைகளைத் திரட்டிக் காப்பிடங்களில் வைத்துப் பேணிக் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர்.

கடற்கரை அசையாத நிலம் எனச் சிலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக வாரிச் செல்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் ஓரளவு மணல் தெற்கு நோக்கி மீளும். 1980-களில் அரியாங்குப்பத்து ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்திற்கென அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. வடக்கு நோக்கி நகர்ந்த மணல் அச்சுவர்களால் தடைப்பட்டுத் தென்புறத்தே, வீராம்பட்டினத்தின் பக்கம், குவிந்தது. வடபுறத்தே புதுவை நகரின் மணற்கரையோ சில ஆண்டுகளில் கரைந்து மறைந்தது. அங்குக் கருங்கற்களைக் குவித்துக் கடலைத் தடுக்க நேர்ந்தது. 2018-ஆம் ஆண்டில் கடலடியில் ஒரு தடுப்பு அமைத்த பின்னரே அங்கு மணல் ஓரளவு மீண்டது. நன்மை கருதிச் செய்த செயலும் இயற்கையின் போக்கை ஆராயாது செய்யின் ஓரிடத்து வளத்தை மற்றோரிடத்து இழப்பாக்கிவிடும். சுற்றுலாவிற்கென மணல்மேட்டைச் சமன் செய்வோரும் கழியைத் தூர்ப்போரும் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, தெற்கே பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டின் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாயிருந்தது. காடு, காண்பதற்கு மட்டும் உரிய காட்சிப்பொருளன்று, அது காவலரணுமாகும்.

இனி, இவ்வூரின் ஒரு பகுதியாகிய சின்ன வீராம்பட்டினத்துக் கடற்கரை 2021-ஆம் ஆண்டில் நீலக்கொடிச் சான்று பெற்றமை குறிப்பிடத்தக்கது. இக்கொடி முறை 1985-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் தோன்றிப் பின்னர் உலகெங்கும் பரவியது. நீரின் தூய்மை, சூழல் பேணல், சூழற்கல்வி, பாதுகாப்பு என்னும் நான்கு பிரிவுகளில் 33 நெறிகளை நிறைவேற்றும் கரைக்கே அது கிட்டும். ஒரு முறை பெற்றால் என்றும் நிலைப்பதன்று. ஆண்டுதோறும் ஆராய்ந்தே புதுப்பிப்பர். ஆதலின், கொடியைப் பெறுதலினும் அதற்குரிய தூய்மையை நாள்தோறும் காத்தலே அரிது.

எனினும், தூய்மை ஒன்றே போதுமா? கடற்கரை மீனவர்க்குத் தொழிற்களம். கட்டுமரத்தையும் படகையும் அவர்கள் ஏற்றி நிறுத்துவதும், வலையை உலர்த்திச் செப்பனிடுவதும், மீனைக் காயவைப்பதும் அம்மணலிலேயே. நிழற்குடைகளும் விடுதிகளும் அவ்விடத்தைக் கவர்ந்துகொள்ளுமாயின், வருவோர் மகிழ, வாழ்வோர் வருந்துவர். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்கள் இனம் பெருகும்பொருட்டு, விசைப்படகுகள் கீழைக் கடலில் தொழிலுக்குச் செல்வதில்லை. பிழைப்பையே நிறுத்திக் கடலுக்கு ஓய்வளிக்கும் மக்களிடையே பொழுதுபோக்கிற்காக வருவோர், தம் விருப்பத்திற்குச் சிறிது வரம்பு கட்டிக்கொள்ளுதல் பெரிதாகுமா?

ஊராரே காவலராயின் இயற்கை செழிக்கும் என்பதற்கு வேடந்தாங்கல் சான்று. அவ்வூர் ஏரிக்கு வரும் பறவைகளைச் சிலர் சுட்டு வீழ்த்தக் கண்ட உழவர்கள், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு ஆட்சித்தலைவரிடம் முறையிட்டுக் காப்பாணை பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்கள் வயலுக்கு உரமாயிற்று. கடல் கடந்த நாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. பல்லுயிர் வளம் மிக்க தென்னமெரிக்கக் கண்டத்தில், பிரேசில் நாட்டுக் கடற்கரையில், தமார் என்னும் ஆமைப் பாதுகாப்புத் திட்டம் 1980-ஆம் ஆண்டில் தொடங்கியது. முன்பு ஆமை முட்டைகளை எடுத்து வந்த கடலோர மக்களுக்கே முட்டைகளைக் காக்கும் பணியை ஊதியத்துடன் அளித்தனர். ஆமையைக் காண வருவோர் தரும் பொருளும் அப்பணிக்கு உதவிற்று. அழித்த கையே அணைத்துக் காக்கும் கையாயிற்று. ஊர் மக்களுக்குப் பங்கும் பெருமையும் கிடைக்குமிடத்தே காவலும் நிலைபெறும் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன.

ஆகவே, கடற்கரை காணச் செல்வோர் கடைப்பிடிக்க வேண்டியன சில உள. கொண்டுசென்ற பொருளின் குப்பையைத் திரும்பக் கொண்டுவருதல் முதற்கடமை. ஆமை ஏறும் காலத்து இரவில் விளக்கும் கூச்சலும் தவிர்க்கத்தக்கன. கழியில் படகேறிச் செல்வோர் கிளை முறித்தலும் பறவைக் கூட்டை நெருங்குதலும் ஆகா. உணவும் படகும் வழிகாட்டியும் உள்ளூராரிடமே பெறின், பயணத்தின் பயன் அவ்வூரில் தங்கும். வலையைத் தாண்டாது ஒதுங்கி நடத்தலும், ஒப்புதல் பெற்றே ஒருவரைப் படம் எடுத்தலும் நாகரிகமாகும்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. காண வருவோர் சில நாளில் மீள்வர். மணலும் மரமும் மீனவரும் அங்கேயே இருப்பர். வந்து சென்றபின் எஞ்சியிருப்பது காலடிச் சுவடு மட்டுமே ஆயின், அதனை அடுத்த அலை அழித்துவிடும். ஏனைய கேடுகளை எந்த அலையும் அழித்துவிடாது. இதனை இளமையிலேயே உணர்ந்து ஒழுகுதல் மாணவர் கடன்.

அருஞ்சொற்பொருள்

நெய்தல் – கடலும் கடல்சார்ந்த இடமும்; கழி – கடலையடுத்த உப்புநீர்ப் பரப்பு; வடம் – தேர் இழுக்கும் பெருங்கயிறு; முகத்துவாரம் – ஆறு கடலொடு கலக்கும் இடம்; காவலரண் – பாதுகாப்பான மதில் போன்றது.

வினாக்கள்

1. தேர்வடம் பிடிக்கும் வழக்கம் உணர்த்தும் உண்மை யாது?
2. அலைத்தடுப்புச் சுவர்களால் புதுவைக் கரையில் நேர்ந்த மாறுதலை விளக்குக.
3. வேடந்தாங்கல் உழவரையும் பிரேசில் நாட்டுக் கடலோர மக்களையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.