கார்லைல் நகரத்து மதுச்சாலைகள்

நகர நடுவே பாழடைந்து கிடக்கும் மதுச்சாலையொன்றை விலைக்கு வாங்கிப் புதுப்பித்து மீண்டுந் திறத்தல் வெறும் வாணிகச் செயலென்றே பலரும் கருதுவர். அஃது ஊராரின் ஒழுக்கத்தையும் தொடுவதென்பதற்கு இங்கிலாந்தின் வடவெல்லையிலுள்ள கார்லைல் நகரம் சான்று பகர்கின்றது. அந்நகரத்து மதுச்சாலைகளை அரசாங்கமே விலைக்கு வாங்கி நடத்தியது.

இதற்குக் காரணம் 1914-ஆம் ஆண்டில் மூண்ட பெரும்போராம். கார்லைலுக்கு வடக்கே சுமார் 10 மைல் தொலைவில், கிரெட்னா என்னுமிடத்தில், கார்டைட் என்னும் வெடிமருந்து செய்யும் பெருந்தொழிற்சாலை எழுந்தது. அதனைக் கட்டவந்த தொழிலாளர் பல்லாயிரவர். கையிலே கூலியுண்டு, மாலைப்பொழுதைக் கழிக்க வேறிடமில்லை. ஆகவே அவர்கள் இரயிலேறிக் கார்லைலை அடைந்தனர். ஆங்கிருந்த மதுச்சாலைகளிற் பல, நெருக்கமும் இருளும் உடையன. நின்றுகொண்டே குடித்தற்கு அமைந்தன. தெருக்களிற் குடிவெறி மலிந்தது. 1915-இல் நிறுவப்பெற்ற மதுக்கட்டுப்பாட்டு வாரியம், 1916-இல் மதுச்சாலைகளையும் பீர் வடிக்கும் ஆலைகளையும் வாங்கத் தொடங்கியது.

வாங்கியபின் செய்தவை மூன்றாகும். முதலாவது, வேண்டாதவற்றை மூடுதல். இரண்டாவது, எஞ்சியவற்றைத் திருத்துதல். மறைவறைகளும் தடுப்புகளும் நீக்கப்பட்டன. காற்றும் வெளிச்சமும் புகுந்தன. மேசை நாற்காலிகளிடப்பட்டு உணவும் பரிமாறப்பட்டது. பழைய தபால் நிலையமொன்று 'கிரெட்னா டாவர்ன்' என்னும் உணவுச்சாலையோடு கூடிய மதுச்சாலையாயிற்று. பின்னாளில் ஹாரி ரெட்பெர்ன் என்னும் சிற்பநூல் வல்லுநர் பல புதிய மதுச்சாலைகளை வகுத்தளித்தார்.

மூன்றாவதே தலைசிறந்தது, அஃது யாதெனின், கடை நடத்துவோனின் ஊதியமுறையை மாற்றியதாம். மது எத்துணை விற்பினும் அவனுக்குச் சம்பளம் ஒன்றே. உணவும் மயக்கந்தராப் பானமும் விற்றாலோ தனிப்பங்கு உண்டு. ஆதலின், ஒருவனை மேலும் ஒரு குவளை குடிக்கத் தூண்டுவதால் அவனுக்கு வரும் ஆதாயம் யாதுமில்லை.

குடிவெறி குறைந்ததற்கு இம்முறையொன்றே காரணமெனத் துணிதல் கூடாது. போர்க்காலத்தில் நாடெங்கணும் விற்பனை நேரஞ் சுருங்கியது. பீரின் வலிமையுங் குறைந்தது. இவற்றையும் எண்ணுதல் நேர்மையாகும். எனினும் போர் முடிந்தபின்னும் இவ்வமைப்பு நெடுங்காலம் நிலைத்தது. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தாலே இதனை முடிக்கத் துணிந்த அரசாங்கம், பின்னர் அக்கடைகளைத் தனியாருக்கு விற்றுவிட்டது.

இதனின்று நாம் அறிதற்குரியது யாது? சுவருக்கு வண்ணம் பூசுதலும் கூரையைச் செப்பனிடுதலும் பொருளுடையார் எவர்க்கும் இயலும். ஆயின் கடைக்காரனின் ஆதாயம் எதனால் விளைகின்றதோ, கடையின் இயல்பும் அதனாலேயே அமையும். பழைய மதுச்சாலையைத் திறக்க எண்ணுவோன் கொத்தனை அழைக்குமுன் தன் கணக்கேட்டைத் திறந்து, பிறருடைய எக்குறையினால் தான் பிழைக்கப்போகின்றான் என்பதை வினவக் கடவன். மதுக்கடைக்கேயன்றி, மாணவர்களாகிய நாம் நாளை மேற்கொள்ளவிருக்கும் தொழில் ஒவ்வொன்றிற்கும் இவ்வினா ஏற்புடையதேயாம்.