ஊர்ப்பெயர்த் தரவுத்தளத்தில் ஒப்புமைத் தேடலின் விரைவு: ஆலங்குளம் வட்டாரப் பெயர்களை முன்வைத்து

முன்னுரை

ஊர்ப்பெயர் ஆய்வுக்கான உறவுநிலைத் தரவுத்தளங்களில் ஒரே பெயர் பல எழுத்து வடிவங்களில் பதிவாகிறது. அவற்றைத் திரட்டும் ஒப்புமைத் தேடல், ஒவ்வொரு பதிவையும் வினவற்சொல்லோடு ஒப்பிட்டால், பதிவுகள் பெருகப்பெருகக் காலமும் பெருகும். விருதுநகர் மாவட்ட ஆலங்குளம், அதனை அடுத்த இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய பெயர்களைக் கொண்டு இச்சிக்கலுக்கான தீர்வை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூவெழுத்து அடைவு

சொல்லின் முன் இரண்டும் பின் ஒன்றுமாக வெற்றிடம் சேர்த்து, அதனை மூன்று மூன்று எழுத்துகளாகப் பகுப்பது வழக்கம். பொதுக்கூறுகளின் எண்ணிக்கையை மொத்தத் தனிக்கூறுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒப்புமை அளவு கிடைக்கும். சொல்லடைவு போன்று, ஒவ்வொரு கூறும் எப்பதிவுகளில் வருகிறது என அடைவு செய்துவிட்டால், பொதுக்கூறுடைய பதிவுகளை மட்டும் ஒப்பிட்டால் போதும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் மூவெழுத்து நீட்சி இம்முறையில் இயங்குகிறது; அதன் இயல்பான எல்லை அளவு 0.3. ஆனால் அது யூனிகோடு குறிகளையே எண்ணும். 'ஆலங்குளம்' தமிழ் எழுத்தெண்ணிக்கையில் 6. யூனிகோடு குறிகளில் 9. எனவே இங்குத் தமிழ் எழுத்தே அலகாகக் கொள்ளப்படுகிறது.

அளவீடு

'ஆலங்குளம்', 'ஆலங்குலம்' எனும் பிழைவடிவத்தோடு 7 கூறுகளுள் 4 ஒத்து, 0.4 பெறுகிறது. 'ராஜபாளையம்', 'இராசபாளையம்' இரண்டும் ஓர் ஊரே, எனினும் 12 தனிக்கூறுகளுள் 3 மட்டுமே பொது, அளவு 0.25. தொடர்பற்ற 'மேட்டுப்பாளையம்' அதே 3 கூறுகளால் 0.23 பெறுகிறது. எல்லையைக் குறைத்தால் பிற பாளையங்கள் அனைத்தும் புகும், தேடலும் தாழ்க்கும்.

இலக்கணவழித் திறவுச்சொல்

இவ்வேறுபாடு பிழையன்று. ரகரம் மொழிமுதலாகாது என்பதும், வடவெழுத்து ஒரீஇத் தமிழெழுத்தாதல் என்பதும் இலக்கண விதிகள். ஆகவே ரகரத்தின் முன் வரும் முதல் இகரத்தை நீக்கி, ஜகரத்தைச் சகரமாக்கி, 'ஸ்ரீ' என்பதைத் 'திரு' ஆக்கி, கிடைக்கும் திறவுச்சொல்லைத் தனி நிரலில் சேமிக்கலாம். 'ஸ்ரீ' என்பது ஸகரத்தாலும் ஶகரத்தாலும் இருவகையாகக் குறியேற்றப்படுவதால் இரண்டையும் விதியில் சேர்த்தல் வேண்டும். மூல வடிவம் மாறாமல் இருத்தலும் இன்றியமையாதது. முதலில் திறவுச்சொல் நிரலின் இயல்பான அடைவில் நேர்ப்பொருத்தம் தேடி, கிடைக்காதபோது மட்டும் மூவெழுத்து அடைவை நாடினால், பெரும்பாலான வினவல்கள் முதற்படியிலேயே முடியும்.

முடிவுரை

தென்காசி மாவட்டத்திலும் ஓர் ஆலங்குளம் உண்டு. இரண்டன் ஒப்புமை 1. எனவே மாவட்ட நிரலையும் வினவலில் இணைத்தல் வேண்டும். எழுத்தொப்புமை ஊரொற்றுமைக்குச் சான்றாகாது. விரைவும் துல்லியமும் இலக்கண அறிவு அடைவில் இடம்பெறுவதைப் பொறுத்தே அமைகின்றன.