குளிர்கடலின் விருந்தினர்

நுழையும் முன்

மாணவர்களே! கடல் என்றதும் வெயிலில் காய்ந்த மணலும் காலை நனைக்கும் இதமான அலையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், கோடையிலும் நீர் சில்லென்றிருக்கும் கடற்கரைகள் உலகில் பல உள்ளன. அங்கும் மக்கள் மகிழ்ச்சிக்காக முக்குளிக்கின்றனர். சிறு படகேறித் துடுப்பு வலிக்கின்றனர். அக்கடலில் அவர்கள் காண்பது யாது? தம்மை எவ்வாறு காத்துக்கொள்கின்றனர்? தாம் காணும் உயிர்களுக்குத் தீங்கு நேராமல் எவ்வாறு நடந்துகொள்கின்றனர்? இப்பாடத்தில் காண்போம்.

மான்டரே விரிகுடா

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே மான்டரே விரிகுடா அமைந்துள்ளது. பசிபிக் பெருங்கடலின் ஒரு பகுதி அது. வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டம் அக்கரையை ஒட்டிப் பாய்கிறது. இளவேனிற்காலத்தில் வீசும் வடமேற்குக் காற்று மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலெழுகிறது. ஆகவே, அங்குக் கடல்நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 10 முதல் 15 பாகை செல்சியசுக்குள்ளேயே இருக்கிறது.

ஆழத்திலிருந்து மேலெழும் அந்நீர் குளிரை மட்டும் கொண்டுவருவதில்லை; கடற்பாசிகளுக்கு வேண்டிய ஊட்டச்சத்துகளையும் சுமந்துவருகிறது. அதனால்தான் அக்கடல் உயிர்வளம் மிக்கதாகத் திகழ்கிறது. 1992ஆம் ஆண்டில் அக்கடற்பகுதி தேசியக் கடல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

குளிர் என்ன செய்யும்?

வட இந்திய நகரங்களில் வாழும் உங்களுக்குக் குளிர் புதியதன்று. சனவரி மாதக் காலையில் குழாய்நீரில் கைவைத்தால் விரல்கள் விறைத்துப்போவதை அறிவீர்கள். அதே வெப்பநிலையில் காற்றில் கைநீட்டினால் அவ்வளவு வருத்தம் தோன்றுவதில்லை. காரணம் யாது? நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. நம் உடலின் சூட்டை அது வாங்கிக்கொண்டே இருக்கிறது.

குளிர்கடலில் திடீரென விழுந்தவருக்கு முதலில் மூச்சு திணறும். தம்மையறியாமலே வாயைத் திறந்து காற்றை இழுப்பார். அப்பொழுது அலை முகத்தில் மோதினால் நீர் உட்புகும். அடுத்த சில நிமிடங்களில் விரல்கள் வலுவிழக்கும். கயிற்றைப் பற்றவும் இயலாது. உடல் முழுவதும் குளிர்ந்து நினைவு தளர்வது அதன்பின் நிகழ்வது. ஆகவே, நீந்தத் தெரிந்தவரும் மிதவைச்சட்டை அணியாமல் குளிர்கடலில் படகேறுதல் கூடாது. வானிலையைப் பார்த்து உடுத்தாமல், நீரின் குளிரைப் பார்த்து உடுத்த வேண்டும் என்பதே அக்கரையில் துடுப்பு வலிப்போர் கற்கும் முதற்பாடம். வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளிலும் கடல் அதே குளிருடன்தான் இருக்கும்.

முக்குளிப்போர் நியோப்பிரீன் என்னும் செயற்கை இரப்பரால் ஆன உடையை அணிகின்றனர். மான்டரேயில் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள உடை வழக்கமானது. அவ்விரப்பருக்குள் எண்ணற்ற நுண்ணிய வளிக்குமிழ்கள் அடைபட்டுள்ளன. அவையே உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கின்றன. கலிபோர்னியாவைச் சேர்ந்த இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் 1950களின் தொடக்கத்தில் இவ்வுடையை உருவாக்கினார்.

மூச்சும் அழுத்தமும்

ஸ்கூபா என்பது, தனக்கு வேண்டிய காற்றைத் தானே கொண்ட நீரடி மூச்சுக்கருவி என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆன சொல். 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஜாக் கூஸ்தோ, எமில் காஞான் ஆகிய இருவரும் இன்றைய கருவிக்கு முன்னோடியான ஒன்றை உருவாக்கினர். முதுகிலுள்ள உருளையில் அழுத்தி அடைக்கப்பட்ட காற்றை, மூச்சு இழுக்கும்பொழுது மட்டும் வேண்டிய அளவில் அது வழங்கியது.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்பொழுதும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் காற்று சுருங்கும், குறைந்தால் விரியும். ஆழத்தில் காற்றை நிறைய உள்ளிழுத்தவர் மூச்சை அடக்கியபடி மேலேறினால், நுரையீரலுக்குள் காற்று விரிந்து அதனைக் கிழித்துவிடும். ஆகவே, ஸ்கூபா அணிந்தவர் ஒருபொழுதும் மூச்சை அடக்குதல் கூடாது. மெல்ல மேலேற வேண்டும். துணையின்றி இறங்குதலும் கூடாது. அழுத்தம் கூடுந்தோறும் நியோப்பிரீன் உடையின் குமிழ்களும் நசுங்குவதால் ஆழத்தில் குளிர் மேலும் உறைக்கும். குளிர் மிகுந்தால் சிந்தனை மந்தமாகும். ஆதலால், உடல் நடுங்கத் தொடங்கினால், காற்று மீதமிருந்தாலும் கரை திரும்புவதே அறிவுடைமை.

கடலடிக் காடு

இவ்வளவு முன்னேற்பாடுகளுடன் இறங்குபவர் அங்குக் காண்பது ஒரு காடு. கெல்ப் என்னும் பெருங்கடற்பாசி கடலடிப் பாறைகளைப் பற்றிக்கொண்டு 20, 30 மீட்டர் உயரம் வளர்ந்து நிற்கிறது. ஏற்ற சூழலில் அது ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. ஒவ்வோர் இலையின் அடியிலும் காற்றடைத்த சிறு பை ஒன்று உண்டு. அப்பைகளே அதனை நிமிர்த்தி நிறுத்துகின்றன. மேற்பரப்பை அடைந்ததும் அது பந்தல்போலப் படர்கிறது. பந்தலின் இடைவெளிகளில் கதிரொளி தூண்தூணாக இறங்க, அதனூடே பாறைமீன்கள் அசையாமல் மிதக்கின்றன.

கயாக்கில் செல்பவர் அக்காட்டின் கூரையைக் காண்கிறார். முக்குளிப்பவர் அதன் தூண்களையும் தரையையும் காண்கிறார். பழுப்புநிறப் பந்தலின்மேல் கயாக் வழுக்கிச் செல்லும். முக்குளிப்பவர் பந்தலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல், திறந்த நீர்ப்பரப்பில் மேலேறுவதற்குப் போதிய காற்றை மீதம் வைத்துக்கொள்ள வேண்டும். பாசி உடலில் சிக்கினால் பதறிச் சுழலுதல் ஆகாது; சுழன்றால் மேலும் இறுகும். நின்று நிதானித்து, தண்டை மடித்து ஒடித்தால் அது எளிதில் முறியும்.

கயாக் வந்த வழி

கயாக் என்னும் சொல், வடதுருவப் பகுதியில் வாழும் இனூயிட் மக்களின் மொழியிலிருந்து வந்தது. நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆனதைப் போல, அச்சொல்லும் கடல் கடந்து பல மொழிகளில் குடியேறியது. மரம் அரிதான அந்நிலத்தில், கரையொதுங்கிய மரத்துண்டுகளாலும் எலும்புகளாலும் சட்டம் கட்டி, கடல்விலங்கின் தோலைப் போர்த்தி அவர்கள் கயாக் செய்தனர். அலாஸ்காவை அடுத்த அலூசியத் தீவுகளில் வாழ்ந்த உனங்கன் மக்களும் அத்தகைய படகுகளைச் செலுத்துவதில் வல்லவர்கள். அவர்களுக்கு அது விளையாட்டன்று, வாழ்வு.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படகுகள் கலிபோர்னியக் கரைக்கு வந்தன. உருசிய வணிகர்கள், அலாஸ்காவின் வேட்டைக்காரர்களை அவர்தம் படகுகளோடு தெற்கே கொண்டுவந்தனர். 1812ஆம் ஆண்டில் ராஸ் கோட்டையை அமைத்தனர். அவ்வேட்டைக்காரர்களுள் பலர் கட்டாயத்தினால் அப்பணியில் ஈடுபட்டவர்கள். அவர்கள் வேட்டையாடியது கடல் நீர்நாயை.

திமிங்கிலத்துக்கும் கடல்நாய்க்கும் தோலின்கீழ்த் தடித்த கொழுப்புப் போர்வை உண்டு. கடல் நீர்நாய்க்கு அஃது இல்லை. அதன் உடலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மயிர்கள் செறிந்துள்ளன. அவற்றிடையே தங்கும் காற்றே அதனைக் குளிரிலிருந்து காக்கிறது. நியோப்பிரீன் உடையின் குமிழ்கள் செய்வதும் இதே வேலைதான்! குளிரினின்று அவ்விலங்கைக் காத்த மென்மயிரே மனிதரின் பேராசைக்கு அதனை இலக்காக்கியது. செல்வர்களின் மேலாடைக்காகப் பல்லாயிரக்கணக்கில் நீர்நாய்கள் கொல்லப்பட்டன. 1911ஆம் ஆண்டில் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று வேட்டையைத் தடுத்தபொழுது, மிகச் சில நீர்நாய்களே எஞ்சியிருந்தன. 1938ஆம் ஆண்டில் மான்டரேக்குத் தெற்கேயுள்ள பிக் சர் கரையோரம் ஏறத்தாழ 50 நீர்நாய்கள் கூட்டமாகக் காணப்பட்டன. இன்று கலிபோர்னியக் கரையில் ஏறக்குறைய 3,000 உள்ளன.

காடும் காவலனும்

நீர்நாய் கடல் முள்ளெலியை விரும்பி உண்கிறது. பந்துபோன்ற உடலெங்கும் முட்கள் கொண்ட முள்ளெலி, கெல்ப் பாசியை உண்டு வாழ்கிறது. உண்பவர் குறைந்தால் முள்ளெலிகள் பெருகும். பெருகினால் காடு மொட்டையாகும். சூரியகாந்தி விண்மீன் என்னும் பெரிய உடுமீனும் முள்ளெலியை உண்ணும் உயிரே. 2013ஆம் ஆண்டு முதல் உடுமீன்களை ஒரு கொடிய நோய் தாக்கியது. அடுத்துவந்த ஆண்டுகளில் கடல்நீர் வழக்கத்துக்கு மாறாக வெப்பமடைந்தது. வட கலிபோர்னியக் கரையில் கெல்ப் காடுகள் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலாக அழிந்தன. மான்டரேயிலும் பல இடங்களில் காடு அழிந்தது; ஆயினும், நீர்நாய்கள் இரைதேடிய சில திட்டுகளில் அது தப்பிப் பிழைத்தது.

இங்கே முக்குளிப்போர் வெறும் பார்வையாளராக நின்றுவிடவில்லை. மான்டரேயை அடுத்த ஒரு பாறைத்திட்டில் பெருகிவிட்ட முள்ளெலிகளைத் தன்னார்வலர்கள் நீக்குவதற்கு 2021ஆம் ஆண்டில் மாநில அரசு ஒப்புதல் அளித்தது. விடுமுறை நாள்களில் கேளிக்கைக்காகக் கடலில் இறங்கியவர்கள், காட்டை மீட்கும் பணிக்காகவும் இறங்கினர்.

விருந்தினரின் நெறி

கயாக்கில் செல்வோர் நீர்நாயிடமிருந்து குறைந்தது ஐந்து கயாக் நீளம் விலகியிருக்க வேண்டும் என்று அக்கரையில் அறிவுறுத்தப்படுகிறது. அது வெறும் மரியாதைக்காகச் சொல்லப்பட்டதன்று. கொழுப்பில்லாத அவ்வுடல் சூட்டைத் தக்கவைக்க, நாள்தோறும் தன் எடையில் கால்பங்கு அளவுக்கு உண்ண வேண்டும். கெல்ப் இழையைப் போர்த்திக்கொண்டு உறங்கும் நீர்நாயைப் படம்பிடிக்க நாம் நெருங்கினால், அது விழித்து மூழ்கி விலகும். நமக்கு அது ஒரு நொடி வேடிக்கை; அதற்கு வீணான ஆற்றலிழப்பு. குட்டியைச் சுமக்கும் தாய்க்கு அவ்விழப்பு இன்னும் பெரிது. நீர்நாய் தலையுயர்த்தி நம்மைப் பார்த்துவிட்டதென்றால், நாம் ஏற்கெனவே மிக நெருங்கிவிட்டோம் என்பது பொருள்.

மான்டரேக்கு அருகிலுள்ள பாயின்ட் லோபாஸ் காப்பகத்தில், நாளொன்றுக்கு இத்தனைபேர்தான் முக்குளிக்கலாம் என்னும் வரையறை உள்ளது. முன்பதிவு முறையும் உண்டு. அங்கிருந்து ஒரு சிப்பியையும் எடுத்துவருதல் கூடாது.

சிந்தித்துப் பாருங்கள். அதே கடல்; அதே வகைப் படகு; அதே விலங்கு. அன்று அப்படகு ஈட்டியுடன் வந்தது; இன்று விலகிநின்று காண்பதற்காக வருகிறது. மாறியது படகேறியவரின் நோக்கம். குளிர்கடல் மனிதருக்கு உரிய இல்லமன்று. கடன்வாங்கிய உடையோடும் உருளையில் அடைத்த காற்றோடும் சிறிதுநேரம் தங்கித் திரும்பும் விருந்தினரே நாம். விருந்தினர் தம்மைக் காத்துக்கொள்ளவும் வேண்டும். விருந்தளிக்கும் வீட்டைக் குலைக்காமலும் இருக்க வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

முக்குளித்தல் – நீருள் மூழ்குதல்
துடுப்பு வலித்தல் – துடுப்பினால் படகைச் செலுத்துதல்
விரிகுடா – நிலத்தினுள் அகன்று புகுந்த கடற்பகுதி
இளவேனில் – கோடைக்கு முற்பட்ட பருவம்
உடுமீன் – விண்மீன் வடிவிலான கடல் உயிர்

மொழியை அறிவோம்

1. கடல் + கரை = கடற்கரை; கடல் + பாசி = கடற்பாசி. நிலைமொழியின் இறுதியில் உள்ள லகரமெய், வல்லினம் வரும்பொழுது றகரமெய்யாகத் திரிந்துள்ளது. இவ்வாறே சேர்த்து எழுதுக: கடல் + பயணம், பகல் + பொழுது.

2. குளிர்நீர் என்பது குளிர்ந்த நீர், குளிர்கின்ற நீர், குளிரும் நீர் என முக்காலத்துக்கும் பொருந்தி வருவதால் வினைத்தொகை ஆகும். இதுபோன்ற மூன்று தொடர்களை எழுதுக.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. மான்டரே விரிகுடாவின் நீர் குளிர்ந்திருப்பது ஏன்?
2. ஸ்கூபா அணிந்தவர் மூச்சை அடக்கியபடி மேலேறுதல் கூடாது. ஏன்?
3. நியோப்பிரீன் உடைக்கும் நீர்நாயின் மயிருக்கும் உள்ள ஒற்றுமை யாது?

ஆ. விரிவான விடை தருக.
1. நீர்நாய், முள்ளெலி, கெல்ப் ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
2. ‘மாறியது படகேறியவரின் நோக்கம்’ – இக்கூற்றைப் பாடப்பகுதியைக் கொண்டு நிறுவுக.

இ. கேட்டு எழுதுக.
மன்னார் வளைகுடாவில் முற்காலத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முத்துக்குளித்தனர். இராமநாதபுரக் கரையில் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி சேகரித்து வாழ்கின்றனர். உங்கள் பாட்டி, தாத்தா அல்லது ஊரிலுள்ள உறவினரிடம் தொலைபேசியில் பேசி, அவர்கள் அறிந்த கடலைப் பற்றியோ ஆற்றைப் பற்றியோ குளத்தைப் பற்றியோ கேளுங்கள். அவர்கள் சொன்ன சொற்களை மாற்றாமல் பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுங்கள்.