மன்னார்க் காற்றுக்கு ஒரு குட்டி ட்ரோன்

தம்பபவனி மின் நிலையத்தின் 30 காற்றாலைகளை மன்னார்த் தீவின் தென்கரையில் நட்டது சும்மா இல்லை. சோளகம் வீசும் மாதங்களில் 200 கிராம் ட்ரோனை விட்டால் திரும்பி வராமலே போகலாம். பங்குனி, சித்திரையில், காற்று எழும்பாத விடியற்காலையில் பழகுங்கள்.

ட்ரோனை நாமே கட்டலாம். முதலில், முப்பரிமாண அச்சில் எடுக்கும் பிரேம். 3 அங்குல விசிறிக்கு, மூலைக்கு மூலை மோட்டர்களுக்கிடையே 140 மி.மீ. போதும். பி.எல்.ஏ. இழை வேண்டாம், அது 60 பாகையை நெருங்கும்போதே இளகும், வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் கைகள் வளைந்துவிடும். பி.இ.டி.ஜி. 80 பாகை வரை தாங்கும். ஆனால் கடற்கரை ஈரத்தைக் குடிக்கும். அச்சிடும்போது பட்பட்டென்று வெடித்தால், இழையை 65 பாகையில் ஐந்தாறு மணித்தியாலம் உலர்த்துங்கள். கைகளைப் படுக்க வைத்தே அச்சிட வேண்டும்; நிமிர்த்தி அச்சிட்டால் முதல் விழுகையிலேயே படை பிரிந்து முறியும். எடை கூடினால் நடுத்தட்டில் துளை போடுங்கள், கைகளை மெலிய விடாதீர்கள்.

அடுத்து 1404 அளவு மோட்டர்கள் நான்கு. துருப்பிடிக்காத 2 மி.மீ. திருகாணிகளே நல்லது. நீளம் கூடினால் நுனி உள்ளே செப்புச் சுருளைத் தொட்டு மோட்டர் கருகும். கட்டுப்பாட்டுப் பலகையை இறப்பர் வளையங்களின் மேல் பொருத்தி, வயர்களைப் பற்றவையுங்கள். உப்புக்காற்றுக்குப் பலகையின் மேல் நிறமில்லாத கியூடெக்ஸ் மெல்லிதாக ஒரு பூச்சு, யூ.எஸ்.பி. வாய்க்குப் படக்கூடாது. பற்றரி மாட்டுமுன் நேர், மறை முனைகள் ஒட்டியிருக்கின்றனவா என்று மல்ரிமீற்றரில் பாருங்கள். பீற்றாபிளைற் மென்பொருளில் மோட்டர்கள் சுழலும் திசையைச் சரிபார்த்து முடியும் வரை விசிறிகள் மேசையிலேயே இருக்கட்டும்.

மன்னாருக்கென்றே ஒரு தொல்லை உண்டு. இங்கத்தைய மணலில் இல்மனைற் என்ற கறுப்புக் கனிமம் கலந்திருக்கிறது. மோட்டரின் பலமான காந்தம் அந்தக் கறுப்புத் துகளை இழுத்து வைத்துக்கொள்ளும். விரலால் சுழற்றும்போது கரகரத்தால் உள்ளே மணல்தான். ஊதினால் போகாது, ஒட்டுநாடாவை மடித்து இடுக்கில் விட்டு எடுங்கள். பனையோலைப் பாய் ஒன்றை விரித்து அதிலேயே ஏற்றி இறக்கினால் பாதித் தொல்லை குறையும்.

பறக்கவிடுமுன் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் விசாரியுங்கள். எடையைப் பொறுத்து விதி மாறும். வங்காலைச் சரணாலயப் பக்கம் போகவே வேண்டாம், பூநாரைகள் கூட்டமாகக் கிளம்பிவிடும். வீடு வந்ததும் பற்றரியைச் செல்லுக்கு 3.8 வோல்ற்றில் எடுத்து வையுங்கள்.