குடல் ஆபரேஷன்: ஆளைப் படுக்க வைக்காதீர்கள்

பெருங்குடலில் கட்டி, ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. "துளை போட்டுத்தான் செய்யப்போறோம், சீக்கிரம் எழுந்துடுவார்" என்று சர்ஜன் சொல்லியிருப்பார். வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள், வெட்டிய குடலை வெளியே எடுக்க மட்டும் சற்றுப் பெரிய கீறல். வலி குறையும் என்பது நிஜம். ஆனால் துளை மட்டுமே யாரையும் எழுந்து நடக்க வைத்துவிடாது. 1990களில் டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கெலெட், பட்டினி, படுக்கை, குழாய் என்ற பழைய வழக்கங்களை மாற்றியமைத்து, வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களில் பலரைக்கூட இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பினார். அந்த முறையில் பாதி வேலை நோயாளிக்கும் கூட இருப்பவருக்கும் உரியது.

முதல் வேலை, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்பது. கட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்து பலருக்குச் சோகை பிடித்திருக்கும். நாள் குறைவாக இருந்தால் இரும்புச்சத்தை ஊசி வழியாகவே ஏற்றுவார்கள். பீடி, சிகரெட்டை நான்கு வாரம் முன்பே விட்டாக வேண்டும். தினமும் நடை, தட்டில் முட்டை, மீன், சுண்டல்.

மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க நேரலாம் என்றால், இடத்தை முன்கூட்டியே குறிக்கச் சொல்லுங்கள். படுத்தபடி குறித்தால் போதாது. உட்கார்ந்து, குனிந்து, வேட்டியோ புடவையோ கட்டும் இடத்தைக் காட்டுங்கள். மடிப்பில் விழுந்த பை ஒட்டாது, கசியும்.

"ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத்தண்ணி கூடாது" என்பது பழைய சட்டம். இப்போது பொதுவாக, திட உணவை ஆறு மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும். தண்ணீர், பால் சேர்க்காத டீ போன்றவற்றை இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். கஞ்சியும் மோரும் இந்தக் கணக்கில் வராது. சர்க்கரை நோயாளிகள் மயக்க மருந்து டாக்டரைக் கேட்காமல் எதையும் குடிக்கக் கூடாது.

ஆபரேஷன் அன்று மாலையே கட்டிலோரம் உட்கார வைக்க வேண்டும். மறுநாள் வராந்தாவில் நடை. இங்கேதான் நம் பாசம் குறுக்கே நிற்கிறது. "உடம்பை அலட்டிக்காதீங்க" என்று போர்த்திவிடும் அத்தைகளை விசிட்டர் நேரத்தோடு அனுப்பிவிடுங்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும். சளி கட்டாமலிருக்க மூன்று பந்துள்ள மூச்சுப்பயிற்சிக் கருவியைக் கொடுப்பார்கள். பலர் அதை ஊதுகிறார்கள். மூச்சை உள்ளே இழுத்துத்தான் பந்தை எழுப்ப வேண்டும்.

"காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்டு, பிரிந்த பிறகே சாப்பாடு என்ற வழக்கமும் மாறிவிட்டது. டாக்டர் அனுமதித்தால் அன்றே திரவம், மறுநாள் மென்மையான உணவு. வாந்தி வந்தால் நிறுத்துங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு கிடப்பதில் பெருமை எதுவுமில்லை. வலித்தால் நடக்க முடியாது, சொல்லிவிடுங்கள். மார்ஃபின் வகை மருந்துகள் குடலை மந்தமாக்குவதால் அவற்றைக் குறைத்தே தருவார்கள். தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம், வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய வாயுவால் அப்படி வலிப்பதுண்டு, நர்ஸிடம் சொல்லிவையுங்கள். நெஞ்சும் வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே கூப்பிடுங்கள்.

முதல் வாரத்தில் காய்ச்சல், நாடித்துடிப்பு வேகம், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, வயிறு கல்லாக உப்புதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் வாயுக்கோளாறு என்று ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். குடலை இணைத்த இடம் கசியலாம். வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாலும் அந்த ராத்திரியே மருத்துவமனைக்குப் போங்கள்.

ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியைப் பலருக்கு நான்கு வாரம்வரை தொடரச் சொல்வார்கள். ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், சிலிண்டர் தூக்கக் கூடாது. பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, எத்தனை நிணநீர்க் கணுக்களைப் பரிசோதித்தார்கள் என்று பாருங்கள். குறைந்தது 12 இருப்பது நல்லது. கீமோ தேவை என்றால், "உடம்பு தேறட்டும்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல், எட்டு வாரத்துக்குள் தொடங்கும்படி புற்றுநோய் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.