டிரெய்னிங் இருக்குன்னு லீவு மறுத்துட்டாங்களா? மெயில் அனுப்பினீங்களா?

போன வீடியோல சேலரி ஸ்லிப் படிக்கிறது எப்படின்னு பார்த்தோம். அதுல 'லீவு பேலன்ஸ்' வரியை வேகமா தாண்டிட்டேன். அதுல காசு இருக்கு.

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில எலக்ட்ரீஷியனா இருக்கிற தம்பி ஒருத்தர் பேசினார். சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம். வீட்டுல சின்ன வெங்காயம் எடுக்கிற நேரம், 8 நாள் லீவு கேட்டிருக்கார். அதே வாரம் பாதுகாப்புப் பயிற்சி. "அப்புறம் பார்க்கலாம்பா"ன்னு மேனேஜர் சொல்ல, இவரும் தலையாட்டிட்டு வந்துட்டார். மேனேஜரையும் குறை சொல்ல முடியாது. ஷிப்டுக்கு ரெண்டே பேர், சூளை நிக்கக் கூடாது. பயிற்சி முடிக்காதவரை அந்த பேனல் பக்கம் விடவும் முடியாது.

ஆனா கணக்கைப் பாருங்க. பழைய லீவு 25 நாள். முந்தின வருஷம் 280 நாள் வேலை செஞ்சதுக்கு, 20 நாளுக்கு ஒண்ணு வீதம் 14. மொத்தம் 39. லீவே எடுக்கல. அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக வரம்பு 30. ஆக 9 நாள் காலி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 21,000, ஒரு நாளுக்கு 700. போனது 6,300 ரூபாய்.

2025 நவம்பர் 21 வரைக்கும் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 79 என்ன சொல்லிச்சுன்னா, முறைப்படி விண்ணப்பிச்சும் மறுக்கப்பட்ட லீவுக்கு இந்த 30 நாள் வரம்பே கிடையாது. முறைப்படின்னா, எழுத்துல, 15 நாள் முன்னாடி. தம்பி அப்படிக் கேட்டிருந்தா அந்த 8 நாள் தப்பிச்சிருக்கும். நஷ்டம் 700 மட்டும்தான். வாயால கேட்டதை எப்படி நிரூபிக்கிறது?

2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புலயும் மறுத்த லீவுக்கு இதே பாதுகாப்பு இருக்கு. லீவுக்குத் தகுதி பெற 240 நாள் வேலைங்கிறது 180 நாளா குறைஞ்சிருக்கு. ஒரு எச்சரிக்கை: சூப்பர்வைசர் வேலை, மாசம் 18,000-க்கு மேல சம்பளம்னா அந்தத் தொகுப்புல நீங்க 'தொழிலாளி' கணக்குல வர மாட்டீங்க. உங்க ஆஃபர் லெட்டர்தான் பேசும்.

சரி, பயிற்சியை விட்டுட்டு ஊருக்குப் போகலாமா? வேண்டாம். அடுத்த கிரேடுக்கு அந்தச் சான்றிதழைத்தான் கேப்பாங்க, 8 நாள் சம்பளத்தை விட அது பெருசு. பயிற்சி அட்டவணை வர்றதுக்கு முன்னாடியே அறுவடை, கல்யாணத் தேதிகளைக் கொடுத்து வையுங்க. மோதினா இப்படி ஒரு மெயில் போடுங்க: "பயிற்சிக்காக என் 8 நாள் விடுப்பு மறுக்கப்பட்டதாகப் பதிவு செய்து, மாற்றுத் தேதி தரவும்." சண்டை தொனி வேண்டாம், இவ்வளவு போதும்.

வரி? வேலையில இருக்கும்போதே லீவைக் காசாக்கினா முழுசும் வரிக்கு உட்பட்டது. ராஜினாமா பண்ணும்போதோ ஓய்வு பெறும்போதோ வாங்கினா, தனியார் ஊழியருக்கு வாழ்நாள் மொத்தத்துக்கு 25 லட்சம் வரைக்கும் விலக்கு உண்டு. பத்து மாச சராசரிச் சம்பளம் மாதிரி வேற உச்சவரம்புகளும் இருக்கு, எது குறைவோ அதுதான். புது வரி முறையிலயும் இது கிடைக்கும்.

இன்னைக்கே ஸ்லிப்பை எடுத்து பேலன்ஸ் 30-ஐத் தாண்டுதான்னு பாருங்க. டிசம்பர் 31-க்கு அப்புறம் கேட்டா எச்ஆர் சிரிப்பாங்க.