நடுவயதில் நம் வீட்டுப் பெண்களின் உடல்நலம்



சென்ற ஆண்டு வரை நாமும் இந்த விஷயத்தை ஆண்கள் பேசத்தக்கதாக எண்ணவில்லை. "பெண்கள் சமாசாரம்" என்று ஒதுக்கியே வைத்திருந்தோம். நம் மூத்த சகோதரிக்கு நேர்ந்த ஒரு காரியந்தான் நம்மை எழுதச் செய்தது. அதைக் கடைசியில் கூறுவோம். நாம் வைத்தியர் அல்லோம். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு மளிகைக் கடையில் உட்கார்ந்தவர்கள். ஆயினும் சகோதரியுடன் டாக்டரம்மாவிடம் பல தடவை போய்வந்ததில் கேட்டறிந்ததையும், பிறகு தேடிப் படித்ததையும் ஒழுங்குபடுத்தித் தருகிறோம்.

மாதவிடாய் நிற்பது எப்படி?

பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதிலிருந்து 55 வயதுக்குள் மாதவிடாய் நின்றுபோகிறது. கடைசியாகக் கண்டதிலிருந்து 12 மாதம் முழுவதும் ஒன்றும் காணாதிருந்தால்தான் நின்றுவிட்டது என்று வைத்தியர்கள் கணக்கிடுகிறார்கள். இது ஒரே நாளில் நடப்பதன்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே நாள் தவறும். சில மாதம் அதிகமாகவும் சில மாதம் இல்லாமலும் போகும். ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு ஏறி இறங்கி, முடிவில் மிகவும் குறைந்துவிடுவதே காரணம். அக்காலத்தில் திடீரென உடம்பில் அனல் எழும்புதல், இரவில் வியர்த்து விழித்தல், மனச்சலிப்பு, மூட்டுவலி ஆகியவை பலருக்கு உண்டு. இவற்றைக் கோபக் குணமென்றும் சோம்பலென்றும் நாம் தவறாக எண்ணிவிடுகிறோம். 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் மட்டும் அதை இயல்பென்று விடாமல் டாக்டரிடம் காட்டவேண்டும்.

இடுப்பு ஏன் பெருக்கிறது?

நம் வீட்டாருக்கு நாற்பத்தாறு வயதானபோது பழைய சட்டைகள் ஒவ்வொன்றாகப் பிடிக்கத் தொடங்கின. நாம் கேலி செய்தோம். "முந்தி சாப்பிட்டதைவிடக் குறைச்சுத்தான் சாப்பிடுறேன். உடம்பு கேக்க மாட்டேங்குதே, நான் என்ன செய்ய?" என்றார்கள். நாம் நம்பவில்லை. இப்போது அந்தக் கேலியை நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு முதல், நாற்பதுகளிலும் ஐம்பதின் தொடக்கத்திலும் இருந்த 3,302 பெண்களைச் சேர்த்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். எடை கூடுவதற்கு வயதே பெரிய காரணம் என்று கண்டார்கள். ஆனால் மாதவிடாய் நிற்கும் காலம் தொடங்கியதும் கொழுப்புச் சேரும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. தசையோ குறையத் தொடங்குகிறது. ஆகவே தராசில் பெரிய மாற்றம் தெரியாவிட்டாலும் உள்ளே சரக்கு மாறிவிடுகிறது. தொடையிலும் பிட்டத்திலும் தங்கிய கொழுப்பு இப்போது வயிற்றில் தங்குகிறது. சும்மா இருக்கும்போதும் உணவைச் செலவழிப்பது தசை. அது குறைந்தால், முன்பு உண்ட அளவே உண்டாலும் மிச்சம் விழும். தூக்கம் கெட்டால் பசியும் கூடும்.

வயிற்றுக் கொழுப்பு அழகைப் பற்றிய பேச்சன்று. சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு ஆகியவற்றுக்கு அதுவே வாசல். ஆகவே தராசைவிட அளவு நாடாவை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் அளக்கவேண்டும். நம் ஆசிய நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர். இதற்கு மேற்பட்டால் எச்சரிக்கை. நாமும் அளந்து பார்த்தோம். அந்த எண்ணை இங்கே எழுதாமல் விடுகிறோம்!

குற்றம் யாருடையது?

நிற்க. நாம் கடையடைத்து வீடு சேர இரவு பத்து, பத்தரை ஆகிறது. மாலையில் பிள்ளைகளோடு ஏதோ கொறித்திருந்த வீட்டார், நமக்காகக் காத்திருந்து, நம்மோடு மீண்டும் சோறு உண்டு, உடனே படுக்கிறார்கள். போதாததற்கு நாம் வாங்கிச் செல்லும் மர்தபாக்கும் நாசி கண்டார் பொட்டலமும் வேறு. இதை மாற்றவேண்டியவர்கள் நாமே. "எனக்காகக் காத்திருக்க வேண்டாம், மாலையிலேயே சாப்பிட்டுவிடு" என்று நாமே வாய் திறந்து சொல்லாவிட்டால், மரியாதைக்குறைவு என்று அவர்கள் ஒருநாளும் சாப்பிடமாட்டார்கள். நம் வீட்டில் சொல்லிவிட்டோம்; இரவு நமக்குத் துணையாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதோடு சரி.

எண்ணெய்க் கணக்கும் பாருங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் 5 கிலோ எண்ணெய் ஒரு மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 கிராம். அது ஏறக்குறைய 300 கலோரி. ஒன்றரைக் கோப்பைச் சோற்றுக்குச் சமம். தே தாரிக்கில் ஊற்றும் டின் பாலில் பாதியளவு சர்க்கரையே. நாளைக்கு நான்கு கிளாஸ் குடிப்பவர் இரண்டாகக் குறைத்தாலே பெரிய லாபம்.

மலேசிய சுகாதார அமைச்சு "சுகு-சுகு செபாரு" என்று கற்பிக்கும் முறை எளியது. தட்டில் பாதி காய்கறியும் பழமும். கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு. நம் வீடுகளில் சோறு முக்கால் தட்டும் காய் ஓர் ஓரமுமாக இருக்கிறது. அதைத் திருப்பிப் போடுவதே வேலை. பட்டினி கிடப்பது வழியன்று. வெறும் பட்டினியில் கொழுப்போடு தசையும் கரையும். விட்டதும் கொழுப்பே முதலில் திரும்பும். கெம்போங் மீன், முட்டை, தெம்பே, தௌஃபூ, பருப்பு இவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். நோன்பு மாதத்தில் எடை தானே குறையும் என்றும் எண்ணவேண்டாம். நோன்பு திறந்தபின் உண்ணும் பலகாரமும் சர்பத்தும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

நடையும் பளுவும்

வாரத்தில் 150 நிமிடமாவது வேகமாக நடக்கவேண்டும். நாளைக்கு அரைமணி, ஐந்து நாள். அதோடு வாரம் இருமுறை தசைக்கு வேலை தரவேண்டும். பெண்கள் பலர் அறியாதது இந்த இரண்டாவதுதான். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காரலாம். ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கொன்றாகத் தூக்கி இறக்கலாம். இந்த வயதில் எலும்பும் வேகமாகத் தேய்வதால் பளு தூக்குவது எலும்புக்கும் காவல். மூட்டுவலியோ இருதய வியாதியோ உள்ளவர் முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

இங்கே நம் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். இளைக்கும் காப்பி என்று ஒரு சரக்கை ஓர் ஏஜண்டு கொண்டுவந்து வைத்தார். நல்ல லாபம், நாமும் விற்றோம். சிபுட்ராமின் என்னும் மருந்து மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இடமளிக்கிறது என்று 2010-ஆம் ஆண்டில் பல நாடுகளில் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் அதே மருந்தைச் சொல்லாமல் கலந்த இளைக்கும் காப்பிகளும் மாத்திரைகளும் அதற்குப் பிறகும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிடிபட்டிருக்கின்றன. இதை அறிந்த அன்றே அந்தச் சரக்கை இறக்கிவிட்டோம். உள்ளே இருப்பது என்னவென்று நமக்கே தெரியாத பொருளைப் பிறர் வீட்டுப் பெண்களுக்கு விற்பது வியாபாரமாகாது.

அனலும் தூக்கமின்மையும் தாங்கமுடியாதவர்களுக்கு டாக்டர்கள் ஹார்மோன் மருந்து தருவதுண்டு. 2002-இல் அதைப்பற்றிப் பெரும் அச்சம் எழுந்தது. பிறகு ஆராய்ந்ததில், 60 வயதுக்குட்பட்டு, மாதவிடாய் நின்று பத்தாண்டு ஆகாத ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்று தெரிந்தது. அது எடை குறைக்கும் மருந்தன்று, எடை ஏற்றுவதுமன்று. யாருக்கு ஏற்றது என்பதை டாக்டரே சொல்லவேண்டும்.

நம் லாத்தாவின் காரியம்

லாத்தாவுக்கு 51 வயதில் மாதவிடாய் நின்றது. நல்ல பருமன். ஐந்தாண்டு கழித்து ஒருநாள் சிறிது இரத்தம் கண்டது. பிறகு அவ்வப்போது கண்டது. அவர்கள் ஓர் ஆலிமாவிடம், தொழலாமா கூடாதா என்று மட்டும் கேட்டார்கள். அதற்குரிய பதில் கிடைத்தது, மனம் அமைதியாயிற்று. வேறு யாரிடமும் சொல்லவில்லை. நான்கு மாதம் சென்றபின் பேச்சோடு பேச்சாக நம் வீட்டாரிடம் சொல்ல, அன்றிரவே நம் காதுக்கு எட்டியது. மறுநாள் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம்.

"ஏன் லாத்தா முன்னாலேயே சொல்லலே?" என்றோம். "தம்பிகிட்டே இதை எப்படி வாய்விட்டுச் சொல்றது?" என்றார்கள்.

ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பையின் உட்தோலில் சிறிது எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய், ஆனால் ஆரம்ப நிலை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், இன்று லாத்தா காலையில் நடந்தே நம் கடைக்கு வந்து போகிறார்கள்.

டாக்டரம்மா விளக்கியதாவது: மாதவிடாய் நின்றபின் உடம்பின் கொழுப்பே கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குகிறது. அதைச் சமன்செய்யும் மற்றச் சுரப்பு இல்லாததால் கர்ப்பப்பையின் உட்தோல் தடிக்கிறது. ஆகவே பருமனானவர்களுக்கு இந்நோய் வரும் ஆபத்து அதிகம். மாதவிடாய் நின்றபின் இரத்தம் காணும் பெண்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு இந்நோய் இருக்கிறது. மற்ற தொண்ணூற்றொருவரில் பெரும்பாலோருக்கு வேறு சிறு காரணங்களே. ஆனால் தாம் எந்தக் கணக்கில் சேர்ந்தவர் என்பது சோதித்தாலன்றித் தெரியாது.

சகோதரர்களே! மார்க்கச் சட்டம் கேட்பது கடமை. அதைக் கேட்டதோடு உடம்பின் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை. மாதவிடாய் நின்று ஓராண்டு ஆனபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும், வலி இல்லாவிட்டாலும், அந்த வாரத்திலேயே டாக்டரைப் பார்க்கவேண்டும். இதை இன்றிரவு நம் வீட்டாரிடமும், உம்மாவிடமும், லாத்தா தங்கைமார்களிடமும் சொல்லுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாயிருந்தால் இந்த ஏட்டை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். நாம் எழுதியதன் நோக்கம் அதுவே.

வஸ்ஸலாம்.